ஆஃபர் லெட்டரில் பூட்டும் கையெழுத்தும்: எந்தக் கோளாறுக்கு என்ன வழி

ஆஃபர் லெட்டரை வேர்டில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, பாஸ்வேர்டு போட்டுக் கையெழுத்துக்கு அனுப்புவது என்பது கேட்பதற்கு ஐந்து நிமிட வேலை. "திறக்க மாட்டேன் என்கிறது", "கையெழுத்துப் போட முடியவில்லை", "சிவப்பாக ஏதோ காட்டுகிறது" என்று விண்ணப்பதாரர்களிடமிருந்து மெயில் வரத் தொடங்கும்போதுதான் அதன் குணம் தெரியும்.

இந்தக் கடிதங்களைத் தயாரித்து அனுப்பும் இருக்கையில் வெகுகாலமாக உட்கார்ந்திருக்கிறேன். வந்த புகார்களில் பாதிக்கு மேல் வேலையைச் செய்த வரிசையில்தான் கோளாறு இருந்தது. முதலில் வாசகத்தை முடிவாக்க வேண்டும். அப்புறம் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் தகவல்களைத் துடைக்க வேண்டும். அப்புறம் பிடிஎஃப், அதற்குப் பின் பூட்டு, அதற்கும் பின் நிறுவனத்தின் கையொப்பம், கடைசியாக அனுப்புவது. இதில் ஒன்றை முன்பின்னாகச் செய்தால் கீழே உள்ள தலைப்புகளில் ஏதாவது ஒன்றில் வந்து நிற்பீர்கள். உங்களுக்கு வந்த புகார் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

ஒரு சொல் குழப்பத்தை மட்டும் முதலில் தீர்த்துக்கொள்வோம். மின் கையொப்பம் என்பது பெரிய குடை. பெயரைத் தட்டச்சு செய்வது, விரலால் கிறுக்குவது, கையெழுத்துப் படத்தை ஒட்டுவது எல்லாம் அதற்குள் வரும். டிஜிட்டல் கையொப்பம் அதில் ஒரு வகை. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு சுருக்கக் குறியைக் கணக்கிட்டு, கையொப்பமிடுபவரின் தனிச்சாவியால் (அவரிடம் மட்டுமே இருக்கும் ரகசியக் குறியீடு) அதை முத்திரையிடுவது. பின்னால் ஒரு எழுத்து மாறினாலும் இது காட்டிக்கொடுக்கும். ஒட்டிய படம் காட்டிக்கொடுக்காது. மேலாளரின் கையெழுத்தை ஸ்கேன் செய்து எல்லாக் கடிதங்களிலும் ஒட்டிவிட்டு அதைப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். அந்தப் படத்தை வெட்டி எடுத்து வேறொரு கடிதத்தில் ஒட்ட யாருக்கும் ஒரு நிமிடம் போதும்.

"நீங்கள் கொடுத்த பாஸ்வேர்டு தப்பு என்கிறது"

முதல் சந்தேகம் நகலெடுத்து ஒட்டியதில் கடைசியாக வந்த ஒரு வெற்று இடம். அடுத்தது, பூஜ்யமா ஆங்கில ஓ எழுத்தா, ஒன்றா சின்ன எல் எழுத்தா என்ற குழப்பம். பிடிஎஃப் பாஸ்வேர்டு பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும். அதனால் குழப்பும் எழுத்துகளைத் தவிர்த்துவிட்டு நீளத்தைக் கூட்டுங்கள். ஆங்கில எழுத்தும் எண்களும் போதும். வேறு மொழி எழுத்துகளைப் பாஸ்வேர்டாக வைத்தால் ஒரு செயலியில் திறப்பது இன்னொன்றில் திறக்காமல் போகலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால், அவர் வைத்திருக்கும் செயலி பழையதா என்று கேளுங்கள். இப்போது பயன்படுத்த வேண்டிய பூட்டு 256 பிட் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறை. 2017இல் வந்த பிடிஎஃப் 2.0 தரம், பழைய ஆர்சி4 முறையை ஒதுக்கிவைத்துவிட்டது. ஒருவரால் திறக்க முடியவில்லை என்பதற்காகப் பூட்டைப் பழைய முறைக்கு இறக்காதீர்கள். செயலியைப் புதுப்பிக்கச் சொல்வதுதான் சரி.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த தேதியும் சேர்ந்ததுதான் பாஸ்வேர்டு" என்று கடிதத்தை இணைத்த அதே மெயிலில் எழுதுகிறார்கள். பெயர் மெயில் முகவரியிலேயே இருக்கிறது. வேலைக்கு வருபவர் கடந்த ஐம்பது ஆண்டுகளில் ஏதோ ஒரு நாளில் பிறந்திருப்பார் என்று வைத்தால் மொத்தம் சுமார் 18,000 தேதிகள். ஒரு கணினிக்கு அது ஒரு மூச்சுக்குக்கூடக் காணாது. பாஸ்வேர்டை ஒவ்வொரு கடிதத்துக்கும் தனியாக உருவாக்கி, மெயில் அல்லாத வேறு வழியில் கொடுங்கள். போனில் சொன்னால் சம்பந்தப்பட்டவரிடம்தான் பேசுகிறோம் என்பதும் உறுதியாகும்.

"மெயிலே வரவில்லை"

பாஸ்வேர்டு போட்ட இணைப்புக்குள் என்ன இருக்கிறது என்று மெயில் வடிகட்டியால் பார்க்க முடியாது. பார்க்க முடியாததைச் சில நிறுவனங்களின் வடிகட்டி தடுத்து நிறுத்திவிடும். ஸ்பேம் பெட்டியிலும் இல்லையென்றால் அது அவருக்குத் தெரியாத ஒரு தடுப்பறையில் கிடக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆஃபர் லெட்டரை அவர் இப்போது வேலை பார்க்கும் இடத்தின் முகவரிக்கா அனுப்பினீர்கள்? அப்படியானால் மெயில் தொலைந்தது அவருக்கு நல்லதுதான். சொந்த முகவரியைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் பக்கத்தில் பார்க்க வேண்டியது டொமைனின் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் அமைப்புகள். உங்கள் டொமைன் பெயரில் வரும் மெயில் உண்மையானதா என்று பெறுபவரின் சர்வர் இவற்றை வைத்துத்தான் பார்க்கும். கையெழுத்துச் சேவை ஒன்று (கடிதத்தை இணையத்தில் வைத்து, லிங்க் அனுப்பிக் கையெழுத்து வாங்கித்தரும் சேவை) உங்கள் பெயரில் மெயில் அனுப்புகிறது, ஆனால் உங்கள் டொமைன் அந்தச் சேவைக்கு அனுமதி தரவில்லை என்றால், பெறுபவரின் சர்வர் அதைப் போலி என்றே எடுத்துக்கொள்ளும். இது ஐடி துறையின் வேலை. ஆனால் கேட்டு வாங்க வேண்டியது நீங்கள்தான்.

"லிங்க் காலாவதியாகிவிட்டது என்கிறது, நான் இன்னும் திறக்கவே இல்லை"

என்னை அதிக நாள் அலையவைத்தது இதுதான். லிங்க் அனுப்பி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. சேவையின் பதிவேட்டைப் பார்த்தால் "திறக்கப்பட்டது" என்று இருக்கும். விண்ணப்பதாரரோ மெயிலையே இப்போதுதான் பார்ப்பதாகச் சத்தியம் செய்வார். அவர் சொல்வது உண்மைதான். மெயில் வழியில் உட்கார்ந்திருக்கும் பாதுகாப்பு நிரல், உள்ளே இருக்கும் லிங்குகளை அவருக்கு முன்னால் தானே திறந்து சோதிக்கிறது. லிங்க் ஒருமுறை மட்டுமே செல்லும் என்று அமைத்திருந்தால், அந்த ஒருமுறை அங்கேயே தீர்ந்துபோகும்.

லிங்கைத் திறந்ததும் கடிதம் வராமல், "குறியீடு அனுப்பு" என்ற ஒரு பொத்தான் மட்டும் வரும்படி அமைத்தால் தீர்ந்தது. அதை அழுத்தினால்தான் போனுக்கு ஓடிபி வரும், ஓடிபி போட்டால்தான் கடிதம். சோதிக்கும் நிரல் பொதுவாகப் பக்கத்தைத் திறப்பதோடு நிற்கும். மெயில் வேறொருவர் கைக்குப் போனாலும் போன் இல்லாமல் கடிதத்தைப் பார்க்க முடியாது என்ற லாபமும் உண்டு.

கூடவே, லிங்கின் ஆயுளும் கடிதத்தில் எழுதிய கடைசித் தேதியும் ஒன்றா என்று பாருங்கள். கடிதம் பத்து நாள் அவகாசம் தரும், சேவையின் லிங்க் ஐந்தாம் நாளே செத்துப்போகும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, இயல்பு அமைப்பை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

"ப்ளீஸ் வெயிட் என்ற ஒரு பக்கம் மட்டும் தெரிகிறது"

எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அந்தப் பக்கம் மாறாது. உங்கள் வார்ப்பு (டெம்ப்ளேட்) எக்ஸ்எஃப்ஏ என்ற பழைய படிவ முறையில் செய்யப்பட்டது. அடோபியின் செயலியில் திறக்கும். போனிலும் பெரும்பாலான பிற செயலிகளிலும் திறக்காது. பிடிஎஃப் 2.0இல் இந்த முறையே ஒதுக்கப்பட்டுவிட்டது. விண்ணப்பதாரரிடம் வேறு செயலியை நிறுவச் சொல்லிக் கொண்டிருக்காமல் வார்ப்பைச் சாதாரணப் படிவப் பிடிஎஃப் ஆகப் புதிதாகச் செய்துவிடுங்கள். ஒருநாள் வேலை.

"கையெழுத்து இடத்தை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை"

இதற்குக் காரணங்கள் மூன்று. ஒன்றொன்றாகக் கழித்துக்கொண்டு வாருங்கள்.

அவர் உலாவியிலோ போனின் மெயில் முன்னோட்டத்திலோ பார்த்துக்கொண்டிருக்கலாம். அங்கே கையொப்பப் பெட்டி வெறும் படம் மாதிரிதான். கோப்பைச் சேமித்து, பிடிஎஃப் செயலியில் திறக்கச் சொல்லுங்கள்.

அதிலும் நடக்கவில்லை என்றால் அனுமதிப் பூட்டைப் பாருங்கள். பிடிஎஃப் கோப்புக்கு இரண்டு பாஸ்வேர்டுகள் உண்டு. ஒன்று திறப்பதற்கு. மற்றொன்று அச்சிட, திருத்த, நகலெடுக்க, படிவம் நிரப்ப எதற்கெல்லாம் அனுமதி என்று தீர்மானிப்பதற்கு. "எந்த மாற்றமும் கூடாது" என்று வைத்தால் கையெழுத்தும் ஒரு மாற்றம்தானே. படிவம் நிரப்பவும் கையொப்பமிடவும் மட்டும் அனுமதி கொடுத்து வையுங்கள். இந்த இரண்டாவது பூட்டை முழுதாக நம்பவும் வேண்டாம். கோப்பைத் திறக்க முடிந்த எவரும், அனுமதிகளை மதிக்காத ஒரு செயலியை வைத்து இதைக் கழற்றிவிடலாம். கடிதத்தைத் திருத்தாமல் காப்பது டிஜிட்டல் கையொப்பத்தின் வேலை.

மூன்றாவது காரணம் நம் பக்கத்தில் இருப்பது. நிறுவனத்தின் சார்பில் முதலில் கையொப்பமிட்டவர், அடோபியின் பிடிஎஃப் செயலியான அக்ரோபேட்டில் "கையொப்பமிட்டபின் ஆவணத்தைப் பூட்டு" என்ற கட்டத்தை டிக் செய்திருப்பார். பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் அடுத்தவர் கையொப்பமிட வழி அடைபட்டுவிடும். இதைத் திறக்க முடியாது. பூட்டாத பிரதியை எடுத்து மறுபடி கையொப்பமிடுவதுதான் வழி. இரண்டு பேர் கையொப்பமிடும் கடிதத்தில் முதல் ஆள் சாதாரணமாகக் கையொப்பமிடாமல் "சான்றளிப்பு" முறையில் இடுவது நல்லது. அதில் மூன்று நிலைகள் இருக்கும்: எந்த மாற்றமும் கூடாது; படிவம் நிரப்பலாம், கையொப்பமிடலாம்; அவற்றோடு குறிப்பும் எழுதலாம். நமக்கு வேண்டியது நடு நிலை. சான்றளிப்பு கோப்பின் முதல் கையொப்பமாகத்தான் இருக்க முடியும் என்பதால் யார் முதலில் என்பதை அனுப்புவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

கையெழுத்துச் சேவையில் ஏற்றும்போதே "கோப்பு பூட்டப்பட்டுள்ளது" என்று திருப்பினால் அது வேறு கதை. பல சேவைகள் பாஸ்வேர்டு போட்ட கோப்பை ஏற்காது. பூட்டாமல் ஏற்றிவிட்டு, சேவையின் அணுகல் குறியீட்டையோ ஓடிபியையோ பூட்டாக வையுங்கள்.

"கையொப்பப் பெட்டி சம்பள அட்டவணை மேல் உட்கார்ந்திருக்கிறது"

பெட்டியைப் பக்கத்தில் ஒரு நிலையான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். ஒருவருக்குப் பதவிப் பெயர் நீளம், இன்னொருவருக்குக் கூடுதலாக ஒரு நிபந்தனை. வரிகள் கீழே இறங்கிவிட்டன, பெட்டி இறங்கவில்லை. வேர்டு வார்ப்பிலேயே கையெழுத்து வர வேண்டிய இடத்தில் ஒரு அடையாளச் சொல்லை வெள்ளை எழுத்தில் போட்டுவிட்டு, அந்தச் சொல் இருக்கும் இடத்தில் பெட்டியை வைக்கும்படி சேவையிடம் சொல்லலாம்.

அடையாளச் சொல்லாகச் சாதாரணச் சொல்லை வைக்காதீர்கள். நான் ஒருமுறை "கையொப்பம்" என்றே வைத்துவிட்டேன். நிபந்தனைகளுக்குள் அந்தச் சொல் வந்த இடத்தில் எல்லாம் பெட்டி முளைத்தது. பாவம், அந்த விண்ணப்பதாரர் எல்லாவற்றிலும் பொறுமையாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். வாசகத்தில் வரவே வராத ஒரு எழுத்து எண் கலவையாக இருக்கட்டும்.

"கையொப்பம் செல்லுமா என்று தெரியவில்லை என்று மஞ்சளாகக் காட்டுகிறது"

மஞ்சள் என்றால் கடிதம் மாறவில்லை, ஆனால் கையொப்பமிட்டவர் யார் என்று செயலிக்கு உறுதியாகத் தெரியவில்லை. டிஜிட்டல் கையொப்பத்தோடு, அது யாருடையது என்று சொல்லும் ஒரு மின் சான்றிதழும் போகும். நீங்களே உருவாக்கிக்கொண்ட சான்றிதழில் கையொப்பமிட்டிருந்தால் எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் இப்படித்தான் தெரியும். "அதை நம்பும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று அவருக்கு வழி சொல்லித்தருவது தப்பான பாடம். போலி ஆஃபர் லெட்டர் அனுப்புபவனும் அதையேதான் சொல்வான். அடோபியின் அங்கீகரிக்கப்பட்ட நம்பிக்கைப் பட்டியலில் உள்ள நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கினால் அடோபி செயலிகளில் தானாகவே பச்சை வரும்.

சிலருக்கு மட்டும் மஞ்சள் என்றால் அவர்கள் கணினியின் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். கடிகாரம் பின்தங்கியிருந்தால், இன்னும் தொடங்காத சான்றிதழாக அது தெரியும். இணையம் இல்லாமல் திறந்தாலும், சான்றிதழ் ரத்தாகியிருக்கிறதா என்று விசாரிக்க முடியாமல் செயலி தயங்கும்.

பச்சையாக இருந்தது ஓரிரு வருடம் கழித்து மஞ்சளாக மாறினால், சான்றிதழின் காலம் முடிந்திருக்கிறது. கையொப்பமிடும்போதே நம்பகமான நேர முத்திரையையும், சான்றிதழ் அன்று செல்லுபடியானது என்பதற்கான தகவலையும் கோப்புக்குள் சேர்த்திருந்தால் இந்தத் தொல்லை வராது. அக்ரோபேட்டில் நேர முத்திரை சர்வரை ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். ஒருவர் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டுப் போகும்போதும் அவருடைய ஆஃபர் லெட்டரைத் தேட வேண்டி வரும் என்பதை நினைத்து இதைச் செய்யுங்கள்.

உலாவியில் மட்டும் பார்த்துவிட்டு "கையொப்பம் இருக்கிறது, சரி" என்று முடிவுக்கு வரவேண்டாம். பெரும்பாலான உலாவிகள் கையொப்பத்தின் தோற்றத்தைக் காட்டும், சரிபார்க்காது.

"கையொப்பத்துக்குப் பின் ஆவணம் மாற்றப்பட்டுள்ளது"

சிவப்பைப் பார்த்ததும் விண்ணப்பதாரர் சம்பளத்தைத் திருத்திவிட்டார் என்று பாயாதீர்கள். அப்படியும் நடக்கலாம், ஆனால் வழக்கமான குற்றவாளிகள் வேறு. கோப்பு பெரிதாக இருக்கிறது என்று யாரோ சுருக்கியிருப்பார்கள். இரண்டு பிடிஎஃப்களை ஒன்றாகச் சேர்த்திருப்பார்கள். சில செயலிகள் சேமிக்கும்போது முழுக் கோப்பையும் புதிதாக எழுதிவிடும். டிஜிட்டல் கையொப்பம் கோப்பின் பைட்டுகளைக் காப்பது. கண்ணுக்கு ஒன்றும் மாறாவிட்டாலும் பைட்டுகள் மாறினால் அதற்கு மாற்றம்தான். "பிரின்ட் டு பிடிஎஃப்" கொடுத்தாலோ சிவப்புகூட வராது. கையொப்பம் முழுதாகக் கழன்று, அதன் படம் மட்டும் மிஞ்சும்.

உண்மையில் என்ன மாறியது என்று பார்க்க ஒரு வழி உண்டு. முறையான செயலிகள் புதிய மாற்றங்களைக் கோப்பின் கடைசியில்தான் சேர்க்கும், பழைய பகுதி அப்படியே இருக்கும். அக்ரோபேட்டின் கையொப்பப் பட்டையில், கையொப்பமிட்டபோது இருந்த பதிப்பைத் திறந்து பார்க்கலாம். அதையும் இப்போதிருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். முழுக் கோப்பும் புதிதாக எழுதப்பட்டிருந்தால் இந்த வழி உதவாது. அதற்காகத்தான் அனுப்பிய கோப்பின் மூலப் பிரதியைத் தொடாமல் ஒரு இடத்தில் வைத்திருக்கச் சொல்வது.

பாஸ்வேர்டையும் கையொப்பத்துக்குப் பின் போட முடியாது. அக்ரோபேட்டில் அந்தத் தேர்வே மங்கிக் கிடக்கும். முதலில் பூட்டு, அப்புறம் கையொப்பம். கோப்பைச் சுருக்குவதற்கு இலவச இணையதளங்களில் ஏற்றுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஒருவரின் பெயர், முகவரி, சம்பளம் எல்லாம் உள்ள கடிதத்தை அறிமுகமில்லாத ஒரு சர்வரில் கொண்டுபோய் வைக்கிறீர்கள்.

"கடிதத்தில் வேறு யாருடைய பெயரோ தெரிகிறது"

இதில் நான் நேரடியாக மாட்டியிருக்கிறேன். கடிதத்துக்குள் ஒரு பிழையும் இல்லை. விண்ணப்பதாரர் உலாவியில் திறந்தபோது, மேலே தாவலில் முந்தைய விண்ணப்பதாரரின் பெயர். பழைய கடிதத்தை வேறு பெயரில் சேமித்துப் புதிதாக்கியிருந்தேன். கோப்பின் பெயர் மாறியது, உள்ளே இருந்த தலைப்புப் பண்பு மாறவில்லை. அது அப்படியே பிடிஎஃப்புக்குள் போய்விட்டது.

அன்றிலிருந்து பழைய கடிதத்திலிருந்து புதியதைச் செய்வதை நிறுத்திவிட்டேன். வெற்று வார்ப்பிலிருந்து மட்டுமே. வேர்டில் ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் என்று போனால் ஆசிரியர் பெயர், குறிப்புகள், திருத்தத் தடங்கள், மறைந்த எழுத்து எல்லாவற்றையும் காட்டும், துடைக்கவும் செய்யும். அடையாளச் சொல்லை வெள்ளை எழுத்தில் வைத்திருந்தால் அது மறைந்த எழுத்துக் கணக்கில் வராது, பயம் வேண்டாம். பிடிஎஃப் ஆக்கியபின் அதன் பண்புகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கறுப்புக் கட்டம் போட்டு மறைத்த பழைய சம்பள விவரமும் இதே ஜாதிதான். கட்டத்துக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும். தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வேறிடத்தில் ஒட்டினால் வெளியே வந்துவிடும். மறைக்காதீர்கள், அழித்துவிட்டுப் புதிதாகப் பிடிஎஃப் எடுங்கள்.

"சம்பளத்தில் நீளமான தசமம், தேதியில் மாதமும் நாளும் இடம் மாறி"

எக்செல் பட்டியலை வேர்டின் மெயில் மெர்ஜில் (பட்டியலில் உள்ளதை ஒவ்வொரு கடிதத்திலும் தானாக நிரப்பும் வசதி) இணைத்தவர்களுக்கு இது பழகிய கோளாறு. எக்செல்லில் கண்ணுக்குத் தெரியும் அலங்காரம் வேர்டுக்கு வராது, உள்ளிருக்கும் எண்தான் வரும். வேர்டில் ஆல்ட் எஃப்9 அழுத்தினால், எந்த இடத்தில் எந்த விவரம் வரும் என்று சொல்லும் புலக் குறியீடுகள் தெரியும். அதில் வடிவத்தைச் சேர்க்கலாம். எண்ணுக்கு \# "#,##0" என்று. தேதிக்கும் அதுபோல ஒன்று உண்டு. அதில் மாதத்தைக் குறிக்கும் எம் எழுத்து பெரியதாக இருக்க வேண்டும், சின்னதாகப் போட்டால் நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். என் தேர்வு இன்னும் எளிது: எக்செல்லிலேயே டெக்ஸ்ட் ஃபங்ஷன் வைத்து, கடிதத்தில் எப்படி வர வேண்டுமோ அப்படியே ஒரு தனி நெடுவரிசை. பட்டியலைச் சரிபார்ப்பவர் கடிதத்தில் வரப்போவதையே பார்ப்பார்.

பெயரின் எழுத்துகள் கட்டங்களாகத் தெரிந்தால் எழுத்துரு கோப்பில் பதியவில்லை. பிடிஎஃப் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் எதிரே பதியப்பட்டது என்று இருக்கிறதா எனச் சரிபாருங்கள்.

"பழைய கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்"

பேச்சுவார்த்தையில் சம்பளம் மாறும், சேரும் தேதி மாறும், இரண்டாவது கடிதம் போகும். இன்பாக்ஸில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இணைப்பாக அனுப்பிய பிடிஎஃப்பைத் திரும்ப வாங்க முடியாது. கையெழுத்துச் சேவை வழியாக அனுப்பியிருந்தால், புதியதை அனுப்புவதற்கு முன் பழையதை ரத்து செய்யலாம். முன் என்பதுதான் முக்கியம், பின் என்றால் அந்த இடைவெளியில் அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். இணைப்பாகத்தான் அனுப்புவீர்கள் என்றால், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும், புதிய கடிதத்தின் முதல் பத்தியில் "இன்ன தேதியிட்ட முந்தைய கடிதத்துக்கு மாற்றாக" என்ற ஒரு வரியும் இருக்கட்டும். அந்த அடிக்குறிப்பிலேயே "பக்கம் 2 / 4" என்றும் போட்டுவிட்டால், அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனில் படம் பிடித்து அனுப்புபவரிடம் எந்தப் பக்கம் விட்டுப்போனது என்று கேட்கவும் உதவும்.